பன்னிரண்டு தாயத்துகளும் இருபது முகப் பகடையும்: முதல் கேம்பெயின் நடத்தப் போகிறவர்களுக்கு

சுட்டி டிவியில் தமிழில் வந்த ‘ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்’ கார்ட்டூனைப் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. ஜாக்கியும் அவருடைய உறவுக்காரச் சிறுமி ஜேடும், ஆளுக்கொரு விலங்கின் உருவமும் ஒரு மந்திர சக்தியும் கொண்ட பன்னிரண்டு தாயத்துகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்களே, அந்தத் தேடல் எவ்வளவு காலம் ஓடியது? என்னைக் கேட்டிருந்தால் ஒரு வருஷம் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். போன மாதம் முதல் எபிசோடிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினேன். தாயத்துத் தேடல் முழுக்க முதல் சீசனிலேயே முடிந்துவிடுகிறது. மொத்தம் 13 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 நிமிடம். கூட்டினால் ஐந்து மணி நேரம்கூட வரவில்லை.

ஐந்து மணி நேரக் கதை எப்படி என் மனதில் ஒரு வருஷமாக வளர்ந்தது? இதை யோசிக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு மாடி அறையில் நான்கு பேருக்கு நான் ஒரு கேம்பெயின், அதாவது வாரக் கணக்கில் நீளும் ஒரு கதை விளையாட்டு, நடத்துகிறேன். அதில் எது மனதில் நிற்கிறது, எது நிற்பதில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது, விதிப் புத்தகங்களைவிடச் சின்ன வயதில் பார்த்த இந்தக் கார்ட்டூன்கள்தான். கேம்பெயின் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்காக அடியிலிருந்து சொல்கிறேன்.

இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி விளையாடும் கதை விளையாட்டு. ரோல்பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி. மூன்றிலிருந்து ஐந்து பேர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்: ஒரு வாள்வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு திருடி. இன்னொருவர் டஞ்சன் மாஸ்டர், அதாவது டி.எம். ஊர், காடு, அரக்கன், டீக்கடைக்காரர், மழை எல்லாமே அவர் பொறுப்பு. அவர் நிலைமையைச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை. தாயக்கட்டத்திலும் பரமபதத்திலும் போல முதலில் பழம் எடுத்தவர் ஜெயித்தார் என்பது இதில் கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம்தான், டி.எம். உட்பட.

இந்த வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். இருவருமே சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை மேசையில் நிறுத்திப் போர் விளையாடும் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரே போரோடு முடியாமல், இந்தப் போரின் விளைவு அடுத்த போருக்குள் நுழையும்படி தொடர்ந்து விளையாடுவதைத்தான் அவர்கள் கேம்பெயின் என்று சொன்னார்கள். படையெடுப்பு என்ற பொருளில் வந்த சொல் அது. ஆர்னெசன் ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளை விளையாடக் கொடுத்தார். அந்த ஆள் போன வாரம் பட்ட காயத்தோடும் சம்பாதித்த காசோடும் இந்த வாரம் வருவான். இன்றைக்கும் கேம்பெயின் என்றால் இதுதான்: அதே ஆட்கள், அதே உலகம், வாரக் கணக்கில் நீளும் ஒரே கதை. ஒரு முறை உட்கார்ந்து எழுவது ஒரு செஷன்.

பகடைக்கு வருகிறேன். நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரை பல பகடைகள் உண்டு, ஆனால் விளையாட்டின் உயிர் இருபது முகத்தில்தான் இருக்கிறது. என் கேம்பெயினிலிருந்தே ஒரு இடத்தைச் சொல்கிறேன். கடலோர ஊர் ஒன்றில் கலங்கரை விளக்கத்தின் கண்ணாடி ஐந்து துண்டாக உடைந்து எங்கெங்கோ போய்விட்டது. விளக்கில்லாததால் கப்பல்கள் பாறையில் மோதுகின்றன. துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். முதல் செஷனில் நான் சொன்னது இது:

“துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு ஓட்டு வீடு. வாசல்ல ஒரு பாட்டி கருவாடு காய வெச்சிட்டிருக்காங்க. திண்ணையில வரிசையா ஊறுகாய் ஜாடி. மூணாவது ஜாடிக்கு மூடி இல்ல. அதுக்குப் பதிலா தடிமனா ஒரு பச்சைக் கண்ணாடியைக் கவுத்து வெச்சிருக்காங்க.”

என் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள்தான் திருடி. “அண்ணா, அதுதானே அது?”

“உன் ஆளுக்குத் தெரியாது. என்ன பண்ற?”

“பாட்டிகிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே, தெரியாம அதைத் தூக்கிப் பார்க்கறேன்.”

இந்த இடத்தில் டி.எம். ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. நான் 15 வைத்தேன். அவளுடைய திருடிக்குக் கைவேகத்தில் 3 கூடுதல் உண்டு. அப்படியானால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் ஒன்பது வாய்ப்பு, 45 சதவீதம். யாராவது உதவிக்கு வந்து பாட்டியைத் திசைதிருப்பினால் இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது வாய்ப்பு கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்கு ஏறிவிடும். இந்தக் கணக்கு ஒன்று தெரிந்தால் போதும், மற்ற விதிகளை விளையாட விளையாடக் கற்றுக்கொள்ளலாம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தங்கைக்கு 7 விழுந்தது. மூன்றைக் கூட்டினால் 10. தோல்வி. புதிதாக டி.எம். ஆகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். “முடியவில்லை” என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பகடையில் தோற்றாலும் கதை ஒரு அடி நகர்ந்தாக வேண்டும். பாட்டி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஊறுகா வேணும்னா வாய விட்டுக் கேளு, கை வெக்காத” என்று அதட்டிவிட்டு, திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். கண்ணாடி கிடைக்கவில்லை, ஆனால் பாட்டி கிடைத்துவிட்டாள்.

ஒரு பொருள், ஒரு சக்தி

இனி கார்ட்டூன். மறுபடி பார்த்தபோது நான் கவனித்தது இது: எபிசோடுகளின் கதை பாதிக்கு மேல் எனக்கு மறந்திருந்தது. ஆனால் தாயத்துகளின் சக்தி ஒன்றுகூட மறக்கவில்லை. சேவல் மிதக்கவைக்கும், காளை பலம் தரும், பாம்பு மறைக்கும், முயல் வேகம், குதிரை காயம் ஆற்றும், நாய் சாகாவரம், ஆட்டைத் தொட்டால் உயிர் உடலை விட்டு வெளியே உலவும், எலி அசையாத பொருளுக்கு உயிர் கொடுக்கும். எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லலாம், ஏனென்றால் ஒவ்வொன்றையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம். சின்னப் பிள்ளைக்கும் புரியும், அதே சமயம் அதைவைத்து ஆயிரம் குறும்பு செய்யலாம்.

முதல் கேம்பெயினுக்கு இதைவிட நல்ல சட்டகம் எனக்குத் தெரியாது. பெரிய உலகத்தின் ஐயாயிரம் வருஷ வரலாற்றை எழுதாதீர்கள். அரச வம்சப் பட்டியல் வேண்டாம். ஐந்தோ ஏழோ பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் ஒரு சக்தி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். பொருளுக்கு இரண்டு மூன்று செஷன் என்று வைத்தாலும் சில மாதங்களுக்குத் தாங்கும். விளையாடுகிறவர்களுக்கு அடுத்து என்ன என்ற குழப்பம் வராது. உங்களுக்கும் ஒரு வாரத்தில் தயார்செய்ய வேண்டியது ஒரு ஊர், ஒரு சிக்கல், ஒரு பொருள் மட்டும்தான். சக்தியுள்ள பொருள் கையில் வந்ததும் அவர்கள் அதை என்னென்ன செய்வார்கள் என்பதை விட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் இந்த விளையாட்டின் பெரிய சந்தோஷம்.

ஆனால் பொருளைக் குகையில் புதைத்து, மேலே ஒரு பூதத்தைக் காவல் வைத்தால் கதை அங்கேயே செத்துவிடும். கார்ட்டூன் அதை எங்கே வைத்தது என்று பாருங்கள். முயல் தாயத்து ஓர் ஆமையின் ஓட்டில் பதிந்திருக்கும். காளைத் தாயத்து எல் டோரோ ஃபுவெர்ட்டே என்ற மெக்சிகோ மல்யுத்த வீரனின் முகமூடியில் இருக்கும். அவன் அந்த முகமூடியைக் கழற்றவே மாட்டான், ஏனென்றால் அவனுடைய பலம் முழுக்க அதில்தான். அவனைத் தெய்வமாக நினைத்து ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிவருகிறான். சின்ன வயதில் எனக்கு அது சண்டை எபிசோடு. இப்போது பார்த்தபோது தொண்டையை அடைத்தது. தாயத்தை எடுத்தால் ஒரு மனிதனின் மானமும் ஒரு பையனின் நம்பிக்கையும் கூடவே போய்விடும். அடித்துப் பறித்தால் ஜாக்கியும் வில்லனும் ஒன்றாகிவிடுவார்கள்.

அதனால் நீங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி: இது இப்போது யாருக்கு உயிராக இருக்கிறது? நம் பாட்டிக்கு வருவோம். அந்தப் பச்சைக் கண்ணாடிக்கு நான் கொடுத்த சக்தி இதுதான்: அதன் வழியாகப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே நேரத்தில் நடந்தது தெரியும். பாட்டியின் மகன் எட்டு மாதத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. பாட்டி தினமும் சாயங்காலம் ஜாடியிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் திண்ணையைப் பார்ப்பாள். மகன் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பான். இன்னும் நான்கு மாதம்தான். அதற்குப் பிறகு கண்ணாடியிலும் திண்ணை காலியாகிவிடும்.

இதை நான் சொன்னபோது மேசையில் யாரும் பகடையைத் தொடவில்லை. பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிதான், எதைப் பார்த்தாலும் வாளை உருவுகிற அவன்தான், முதலில் பேசினான். “அண்ணா, நாலு மாசம் வெச்சுக்கட்டும். நாம மத்த துண்டெல்லாம் முதல்ல தேடலாம்.” அதுவரை கப்பல்கள் மோதிக்கொண்டிருக்குமே என்று கல்லூரி நண்பன் சண்டைக்கு வந்தான். முக்கால் மணி நேரம் வாக்குவாதம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டி.எம். வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரங்கள்தான் கேம்பெயினின் மிக நல்ல நேரங்கள்.

ஜேடை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது

ஒவ்வொரு எபிசோடிலும் ஜாக்கி ஜேடிடம் “நீ இங்கேயே இரு” என்பார். அவள் அடுத்த காட்சியில் விமானத்திலோ பெட்டிக்குள்ளோ ஒளிந்திருப்பாள். உங்கள் மேசையில் இருக்கும் எல்லோருமே ஜேடுகள். கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போவார்கள். நீங்கள் மூன்று நாள் யோசித்த மந்திரியை விட்டுவிட்டு, வாய்க்கு வந்த பெயரில் நீங்கள் உருவாக்கிய குதிரைக்காரனோடு ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆகவே அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்காதீர்கள். அவர்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் வில்லன் என்ன செய்வான் என்று எழுதுங்கள். அவன் தன் போக்கில் அடுத்த துண்டைத் தேடிப் போகட்டும். இவர்கள் குறுக்கே வந்தால் மோதல், வராவிட்டால் அவன் கைக்கு ஒன்று போய்விடும். கார்ட்டூனிலும் தாயத்துகள் வில்லன் கூட்டமான டார்க் ஹேண்ட் கும்பல் கைக்குப் போனபோதெல்லாம் தேடலின் சூடு ஏறியதே தவிரக் குறையவில்லை.

துப்பு வைப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒரு முடிச்சு அவிழ ஒரே துப்பை நம்பியிருக்காதீர்கள். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர் மூன்று துப்பு வைக்கச் சொல்கிறார். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில் பிடித்துவிடுவார்கள். என் அனுபவத்தில் இது அப்படியே உண்மை.

இன்னொரு கார்ட்டூனையும் சொல்லியாக வேண்டும். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெயரிலேயே 1983 முதல் 1985 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 27 எபிசோடு வந்தது. பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு சவாரியில் ஏறிய ஆறு பிள்ளைகள் மாய உலகில் போய் விழுகிறார்கள். ஆளுக்கு ஒரு பொருள்: வில், கேடயம், கோல், கதாயுதம், மறைக்கும் மேலங்கி, எதை எடுத்தாலும் வேறெதையோ தரும் மந்திரத் தொப்பி. அதே ஒரு பொருள், ஒரு சக்தி! கேடயம் வைத்திருந்த எரிக் எப்போதும் குறை சொல்கிறவன், எப்போதும் அவனே தப்பு என்று கதை முடியும். குழு எப்போதும் சரி, மறுத்துப் பேசுகிறவன் எப்போதும் தப்பு என்று காட்டும்படி வெளியிலிருந்து வந்த நெருக்கடியால்தான் அப்படி எழுத வேண்டியிருந்தது என்று, அந்தத் தொடரை வடிவமைத்த எழுத்தாளர் மார்க் எவனியர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அது அவருக்கு உடன்பாடில்லாத விஷயம். எனக்கும்தான். மேசையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு முடிவெடுக்க, ஒருவர் மட்டும் “வேண்டாம்” என்றால், அந்த ஒருவரைக் கதையில் மாட்டிவிட்டுத் தண்டிக்கும் ஆசை டி.எம்.முக்கு வரும். கூடாது. எங்கள் மேசையில் அன்றைக்குக் கப்பல்களுக்காகப் பேசிய நண்பன் சொன்னதும் நியாயம்தான், பின்னால் ஒரு கப்பல் உண்மையிலேயே மோதியது, அவன் சொன்னதற்குக் கதையில் எடை கிடைத்தது.

இதையொட்டியே முதல் செஷனுக்கு முன்னால் ஒரு நாள் பகடை இல்லாமல் உட்கார்ந்து பேசிவிடுங்கள். யாருக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும், கதையில் எது வரவே கூடாது, மாதத்துக்கு எத்தனை நாள் வர முடியும், யாராவது வராவிட்டால் விளையாடுவதா நிறுத்துவதா. இதற்கு செஷன் ஜீரோ என்று பெயர். பல கேம்பெயின்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் அரக்கன் அல்ல, நாள் ஒத்துவராததுதான்.

அந்தத் தொடரின் ஆறு பிள்ளைகளும் வீடு திரும்பவே இல்லை. கடைசிக் கதையாக மைக்கேல் ரீவ்ஸ் எழுதிய ‘ரெக்வியம்’ படமாக்கப்படாமலேயே தொடர் நின்றுவிட்டது. 2006இல் வந்த டிவிடியில் அதை ஒலிநாடகமாக நடித்துச் சேர்த்தார்கள். இந்தத் தொடரைக் கொண்டாடும் பிரேசிலில் 2019இல் ஒரு கார் விளம்பரம் அந்த ஆறு பேரையும் நிஜ நடிகர்களாகக் கொண்டுவந்தது. முப்பத்து நான்கு வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற தவிப்பு மக்களுக்கு இருந்திருக்கிறது. ஆகவே உங்கள் கேம்பெயினின் முடிவை முதல் வாரமே ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். என்ன நடக்கும் என்பது வேண்டாம், எது நடந்தால் கதை முடிந்தது என்பது மட்டும். என்னுடையதில் ஒரே வரிதான்: விளக்கு மறுபடி எரிய வேண்டும், அல்லது எரியவே எரியாது என்று ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்து மணி நேரம் ஒரு வருஷமான கணக்குக்கு இப்போது பதில் சொல்லலாம். கதை திரையில் நடந்ததைவிட நடுவில் இருந்த நாள்களில்தான் அதிகம் நடந்தது. பள்ளி வேனில், தெருவில், படுக்கையில் நாங்கள் தாயத்துகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். குதிரையும் நாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சண்டை போட்டோம். மறுபடி பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று நான் சொல்வதும் இதனால்தான். கேம்பெயினிலும் செஷனுக்குச் செஷன் இருக்கும் ஆறு நாள் இடைவெளியைக் குறையாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு செஷனையும் விடை தெரியாத ஒரு கேள்வியில் நிறுத்துங்கள். அடுத்த செஷனை, “போன வாரம் என்ன ஆச்சு?” என்று அவர்களையே கேட்டுத் தொடங்குங்கள். அவர்கள் எதை மறந்தார்கள், எதை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். மறந்ததை விட்டுவிடுங்கள், பிடித்துவைத்ததைக் கதைக்குள் மறுபடி கொண்டுவாருங்கள்.

எங்கள் கதையில் அந்த நான்கு மாதம் முடிய நிஜத்தில் ஒன்பது சனிக்கிழமை ஆனது. நடுவில் இரண்டு துண்டு கிடைத்தது, ஒன்று வில்லனிடம் போனது, ஒரு மலையூரில் சந்தை வந்தது. அந்தச் சந்தையில் எல்லோரும் கத்தியும் கயிறும் வாங்கிக்கொண்டிருந்தபோது தங்கை என்னவோ விலை கேட்டாள், இரண்டு செப்புக்காசு என்றேன், எழுதிக்கொண்டாள். நான் மறந்தேபோனேன். ஒன்பதாவது சனிக்கிழமை மறுபடி அந்த ஓட்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடி ஜாடி மேலேயே கவிழ்ந்திருக்கிறது, இன்றைக்கு அவள் அதை எடுக்கவில்லை என்றேன். யாரும் பேசவில்லை. தங்கை தன் கதாபாத்திரத் தாளைத் திருப்பி, பொருள் பட்டியலில் கடைசி வரியை விரலால் காட்டினாள். “மண் மூடி – 1.”

“அண்ணா, நான் கண்ணாடியைக் கேக்கல. மூடியைப் பாட்டி கையில குடுத்துட்டு, பக்கத்துல உக்கார்றேன்.”